புரட்டாசியில் முளைத்த முடி

“மைதாவுக்கு முடி மொளச்சிடுச்சு, ஜெயா” என்றாள் அண்ணி.

போனில் சந்தோஷமான குரல்தான். ஆனாலும் ஜெயராணிக்கு அது கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பதுபோல் இருந்தது. சிதம்பரம் வடக்கு வீதியை ஒட்டிய சந்தில், அபயாம்பாள் டீச்சர் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தவள், கத்தியை வைத்துவிட்டுத் தன் உள்ளங்கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கழுத்துப் புண் காய்ந்து பொருக்கு உதிர்ந்துவிட்டதாம். பூனை நக்கி நக்கி வழுக்கையாக்கி வைத்திருந்த அடிவயிற்றில் வெள்ளையாய் முளை விட்டிருக்கிறதாம். ராத்திரியெல்லாம் கதவில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு கத்துவது அடியோடு நின்றுவிட்டதாம். அண்ணி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போய், எதற்காகப் போன் போட்டாளோ அதையும் கடைசியில் சொன்னாள்.

“குத்தமா சொல்லல ஜெயா. நீ போன அப்புறந்தான் சரியாச்சு. உள்ளதச் சொல்லணுமில்ல?”

“ஆமாண்ணி” என்றாள் ஜெயராணி. வேறு என்ன சொல்வது?

ஜெயராணி கடலூர் மஞ்சக்குப்பத்தில் அண்ணன் ராஜவேல் வீட்டில் இருந்தவள். கட்டினவன் திருப்பூரில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறான் என்று தெரிந்தபோது, யாரிடமும் சண்டை போடாமல் ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போது அண்ணன் மகள் பவானி பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பெண். அண்ணன் டைல்ஸ் கடைக்கும், அண்ணி சிவசக்தியோ சீட்டு, கோயில், விசேஷம் என்றும் போய்விட, பவானிக்குத் தலைவாரி விட்டது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது எல்லாம் அத்தைதான். பின்பக்கத்து அறை ஜெயராணியின் அறை என்று ஆயிற்று. யாரும் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. இருக்க இருக்க அப்படி ஆனது. அந்த அறைக்கு வெளியே அடுப்பு மூட்டி, கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் மருதாணியும் போட்டுத் தலைக்கு எண்ணெய் காய்ச்சுவாள். தெருவில் பாதிப் பெண்களின் தலையில் அவள் எண்ணெய்தான். அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை என்று அவளுக்கு அதில் ஒரு நிம்மதி.

மைதா வந்தது அண்ணன் கடை குடோனிலிருந்து. டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவே கிடந்த குட்டியைப் பவானி தூக்கி வந்தாள். மாவில் புரட்டி எடுத்தாற்போல இருந்ததால் மைதா என்று பெயர் வைத்தாள். கல்யாணமாகி அவள் சென்னைக்குப் போன பிறகு, பூனை யாரையும் கேட்காமல் ஜெயராணியின் மடிக்கு மாறிக்கொண்டது.

அரிப்பு எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவில்லை. முதலில் காதோரம் சொறிந்தது. பிறகு கழுத்து. தடவினால் தோலுக்கு அடியில் கடுகு இறைத்த மாதிரி சின்னச் சின்னப் பொருக்கு தட்டுப்பட்டது. பின்னங்காலால் சொறிந்து சொறிந்து கண்ணுக்கு மேலே ரத்தம் கசிய ஆரம்பித்ததும் ஜெயராணி தன் பழைய ரவிக்கையின் கையை வெட்டி, முன்கால் நுழைய இரண்டு ஓட்டை போட்டுச் சட்டையாக மாட்டிவிட்டாள். சிவப்பு ரவிக்கைக் கையில் தலையை நீட்டிக்கொண்டு மைதா நடந்து வந்ததைப் பார்த்து அண்ணன் சிரித்த சிரிப்பில் சோறு புரையேறியது. “கட்சிக்காரன் மாதிரி இருக்குதுடி” என்றான். அந்தச் சட்டையையும் பூனை இரண்டு நாளில் கிழித்துப்போட்டது. நகம் வெட்டினாள். வேப்பிலை அரைத்துத் தடவினாள். அதை நக்கிவிட்டு நுரை தள்ளியதைப் பார்த்துப் பயந்து, தடவுவதையே விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் வந்தால், பாவம் உடம்பு தேறட்டும் என்று சங்கராவில் நடுத்துண்டாகப் பார்த்து முள் எடுத்து ஊட்டினாள். மற்ற நாளுக்கு நெத்திலிக் கருவாடு இருக்கவே இருந்தது.

அண்ணன் ஒருநாள் பூனையைச் சாக்கில் போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஊசி போட்டார்கள். கொஞ்ச நாள் அடங்கியிருந்து மறுபடியும் ஆரம்பித்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, “அலர்ஜின்றாரு” என்றான் அண்ணன். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது அண்ணிக்கு.

“எது ஒத்துக்காதோ அதுல தானே அலர்ஜி வரும்? அது யார் மடில கெடக்குது, யார் கை எண்ணெக் கை, சொல்லு பாக்கலாம்.”

ஜெயராணி முதலில் சிரித்துத்தான் மழுப்பினாள். ஊரெல்லாம் தலையில் தேய்க்கிற எண்ணெய் பூனைக்கு மட்டும் ஆகாமல் போகுமா என்றாள். அப்போதுதான் பவானி பிரசவத்துக்கு வரப்போகும் செய்தி வந்தது. அண்ணியின் பேச்சு அத்தோடு மாறியது. வயிற்றுப் பிள்ளைக்காரி வருகிற வீடு, பச்சைக் குழந்தை புழங்கப்போகிற வீடு, இந்தச் சொறி ஒட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று தெருவில் எண்ணெய் வாங்க வந்தவர்களிடமே கேட்டாள். அவர்களில் சிலர் அடுத்த மாதம் எண்ணெய் வாங்க வரவில்லை.

கடைசியில் வாயைத் திறந்தது அண்ணன்தான். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னான். சிதம்பரத்தில் அவன் குளியலறைக்கு டைல்ஸ் போட்டுக்கொடுத்த வீடு. ஓய்வுபெற்ற டீச்சரம்மா தனியாக இருக்கிறார்கள், முட்டிவலி, கூட இருந்து சமைக்க ஆள் வேண்டுமாம். சுத்த சைவம், மரியாதையான இடம்.

“புரட்டாசி ஒரு மாசம் இரு, ஜெயா. முடிஞ்சதும் நானே வந்து கூட்டியாரேன்.”

அவள் தலையாட்டினாள். அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று நம்பி வளர்ந்தவள். மைதா வாசல்வரை வந்து, உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் காதைச் சொறிந்துகொண்டது.

இப்போது முடி முளைத்துவிட்டது. ஆக, எண்ணெய்தான். வரும்போது டீச்சர் வீட்டில் காய்ச்சலாம் என்று கொண்டுவந்திருந்த மூலிகைப் பொட்டலங்களை அன்று சாயங்காலமே எடுத்துப்போய்க் குப்பை வண்டியில் போட்டாள். எண்ணெய் காய்ச்சக் கூடவே கொண்டுவந்திருந்த இரும்புச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். யாரையாவது தொட நேர்ந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடும் பழக்கம் வந்தது. அபயாம்பாள் டீச்சர் இரண்டு முறை பார்த்துவிட்டு மூன்றாவது முறை கேட்டார்கள்.

“எனக்கு என்ன தொத்து வியாதியா?”

“எனக்குத்தாம்மா.”

“அப்படியா? சாம்பார்ல தெரியலையே” என்றுவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்கள் டீச்சர்.

புரட்டாசி முடிந்தது. ஜெயராணி துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அண்ணன் வரவில்லை. போன் போட்டால், தீபாவளி கழியட்டும் என்றான். தீபாவளி கழிந்ததும் மழை விடட்டும் என்றான். மழை என்ன கேட்டுக்கொண்டா விடும்? ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. பையிலிருந்து ஒவ்வொரு புடவையாக எடுத்துக் கட்டிக் கட்டி, பை காலியாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பவானியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று டீச்சரிடம் சொன்னாள்.

“கூப்பிட்டாங்களா?”

“இல்ல.”

“கூப்பிடாத வீட்டுக்குப் போறே. சாப்பிட்டுட்டுப் போ.”

மஞ்சக்குப்பம் வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது அண்ணி கொல்லையில் மீன் அலம்பிக்கொண்டிருந்தாள். செதில் பறந்துகொண்டிருந்தது. பரங்கிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் அண்ணி. வஞ்சிரத்தை அவள் துண்டு போடுகிற அழகே தனி. ஜெயராணிக்கு ஏதோ குறைகிறது என்று பட்டது. என்னவென்று புரியச் சற்று நேரமானது. மீன் அலம்புகிற இடத்தில் பூனை இல்லை.

“வா, வா” என்றாள் அண்ணி, நிமிராமல். “சொல்லியிருந்தா ஜாஸ்தி வாங்கியாரச் சொல்லியிருப்பனே.”

“மைதா எங்கண்ணி?”

“அது எங்கியோ போயிடுச்சு. பூனைதான, நாலு வீடு சுத்தும்.”

ஜெயராணி உள்ளே போனாள். அவள் அறையில் புதுப் பெயிண்ட் வாசனை. சுவர் ரோஸ் நிறத்தில் இருந்தது. உத்தரத்தில் தூளிக்குக் கொக்கி. ஜன்னலில் ஏசி. அவள் கட்டில் கிடந்த இடத்தில் பெரிய கட்டில் போட்டு, அதில் பவானி வயிற்றைத் தாங்கிக்கொண்டு சாய்ந்திருந்தாள். அத்தையைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொள்ள முயன்று முடியாமல் சிரித்தாள். பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறே வீட்டில் மீன் வந்ததாம். ஒரு மாதம் தயிர்ச்சோறு தின்று சலித்த பூனைக்கு அம்மாவே தலையை அவித்துப் போட்டாளாம். அடுத்த வாரத்துக்குள் பூனை சொறிய ஆரம்பித்துவிட்டது. அத்தை இல்லையே, பிறகெப்படி என்று பவானி கேட்டதற்கு, அவள் எண்ணெய் சுவரெல்லாம் ஊறிக் கிடக்கிறது, அது போனால்தான் போகும் என்றாளாம். பெயிண்ட் அடித்தார்கள். பூனை அதிகமாகச் சொறிந்தது. கண் மேலெல்லாம் ரத்தம். ஒரு காலையில் அப்பா அதைச் சாக்கில் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோய் முதுநகரில், மீன் இறக்குகிற ஓ.டி. ஹார்பரில் விட்டுவிட்டு வந்துவிட்டார்.

“உங்கிட்ட சொல்லிட்டேன்னு அம்மா சொன்னாங்களே அத்தை. நீயும் சரின்னுட்டன்னாங்க.”

ஜெயராணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ரோஸ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரட்டாசியில் மீன் இல்லை. ஐப்பசியில் மீன் வந்தது. இவ்வளவுதானே? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா? பூனைக்கு மீன் ஆகாது என்றால் கடலூரில் சிரிப்பார்கள். அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கே தோன்றவில்லை. முள் எடுத்து ஊட்டினவளும் அவள்தானே.

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் நின்றாள். ஹார்பருக்குக் கூட்டிப்போ என்றாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். கொல்லையிலிருந்து அண்ணி, சாப்பாட்டு நேரத்தில் எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டபோது இரண்டு பேரும் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

முதுநகர் துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. ஐஸ் உருகித் தரையெல்லாம் சேறு. கூடைக்காரப் பெண்களிடம் வெள்ளைப் பூனை என்று விசாரித்தாள் ஜெயராணி. ஒருத்தி, வெள்ளையா, சொறிப் பூனையா என்று திருப்பிக் கேட்டாள். சொறிப் பூனைதான் என்றாள். ஐஸ் பெட்டி அடுக்கியிருக்கிற பக்கம் போய்ப் பார் என்று கைகாட்டினாள் அவள்.

மைதா அங்கே இருந்தது. வெள்ளை என்று சொல்ல முடியாது இப்போது. கழுத்தைச் சுற்றி முடியே இல்லை. சிவந்து, ஈரமாக, சீழ் கோத்திருந்தது. வயிறு புடைத்திருந்தது. பக்கத்தில் தின்றது போக மிச்சம் கிடந்தது ஒரு மீன் தலை. ஜெயராணி பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பூனை கேட்டது. காது திரும்பியது. ஆனால் சொறிவதை நிறுத்திவிட்டு அவளிடம் வர அதற்கு முடியவில்லை. சொறிந்துகொண்டே அவளைப் பார்த்தது.

முந்தானையை விரித்து அதை வாரி எடுத்தாள். அண்ணன் நாலடி தள்ளி, செருப்பில் ஒட்டின சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டு நின்றான்.

“அண்ணே, இது எண்ணெ இல்ல. மீனா இருக்கும்போல.”

அண்ணன் செருப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“மீனுதான்” என்றான்.

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“டாக்டரு அன்னிக்கே சொன்னாரு. மீனை சுத்தமா நிறுத்திப் பாருங்க, எனக்கு அதுலதான் சந்தேகம்னாரு.”

“எந்த அன்னிக்கு?”

“ஊசி போட்ட அன்னிக்கு. நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி.”

ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தம் நின்றுபோனதால் அந்தக் கடைசி வார்த்தை பெரிதாகக் கேட்டது. ஜெயராணி பூனையின் தலையை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் பேசினான். பேச ஆரம்பித்ததும் அவனால் நிறுத்த முடியவில்லை. மாப்பிள்ளை வந்து போக அறை வேண்டும் என்று சிவசக்தி அப்போதே பிடித்த பிடியாக நின்றாள். வீட்டில் இருப்பதோ இரண்டு அறை. கூடப் பிறந்தவளைப் போ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து எண்ணெய்ப் பேச்சு வந்தது. அவன் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. சிவசக்திக்கு இன்றுவரை டாக்டர் சொன்னது தெரியாது, அவள் நிஜமாகவே எண்ணெய் என்றுதான் நம்புகிறாள், அவள்மேல் கோபப்படாதே என்றான்.

“போன்னு சொல்லியிருந்தா போயிருப்பனே அண்ணே” என்றாள் ஜெயராணி. “அறை வேணும் ஜெயா, போன்னு ஒரு வார்த்த.”

“வாய் வரலன்றேனில்ல.”

“மீன் ஆவாதுன்னு தெரிஞ்சே மீன் அங்காடில கொண்டாந்து விட்டியே, அதுக்கு எப்பிடி கை வந்துச்சு?”

அண்ணன் கண் கலங்கினான். கர்ச்சீப் எடுத்துத் துடைத்துக்கொண்டான். அதைப் பார்க்கையில் அவளுக்கு இரக்கம் வரவில்லை. சின்ன வயதில் இவன் அழுதால் இவளும் அழுவாள். இப்போது, இவன் அழுது முடிக்கட்டும், பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்றான். வீட்டில் இன்றைக்கு மீன் என்றாள் அவள்.

பஸ்ஸில் ஒயர் கூடைக்குள் மைதா கத்திக்கொண்டே வந்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னாம்மா இது, உரிச்ச கோழியா என்று கேட்டான்.

அபயாம்பாள் டீச்சர் கூடையைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“பூனை வரட்டும். மீன் வரக்கூடாது.”

“மீன் இதுக்கும் ஆவாதும்மா.”

“அப்போ எங்க சாதிதான்” என்றார்கள் டீச்சர்.

சிதம்பரத்தில் பார்த்த கால்நடை டாக்டர் ஒரு பெண். புண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, மீன், கருவாடு, மீன் கலந்த பாக்கெட் தீனி எதுவும் இதன் வாயில் படக்கூடாது, ஒருநாள் ஒரு துண்டு கொடுத்தாலும் பட்ட பாடெல்லாம் வீண் என்றார். வெறும் சோறு போட்டு வளர்க்க இது பசுமாடு இல்லை. கோழியை உப்பு, மஞ்சள் போடாமல் வேகவைத்துக் கொடுங்கள் என்றார். ஜெயராணி கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டாள்: தலைக்குத் தேய்க்கிற எண்ணெயால் இப்படி வருமா? நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இது அதனால் வந்தது இல்லை என்றார் டாக்டர். அது என்ன எண்ணெய், எனக்கும் முடி கொட்டுகிறது என்றும் கேட்டார். ஜெயராணி, இப்போது காய்ச்சுவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

கோழி விஷயத்தில் டீச்சர் அசையவில்லை. அவர்கள் அப்பா காலத்திலிருந்து அந்த வாசப்படி தாண்டி முட்டைகூட உள்ளே வந்ததில்லை. ஆனால் கொல்லைக் கதவுக்கு வெளியே இருக்கிற சந்து நகராட்சியுடையது, அங்கே யார் எதை அவித்தாலும் தனக்குத் தெரியாது என்றார்கள். மதில் ஓரம் மூன்று செங்கல் வைத்து, கவிழ்த்து வைத்திருந்த எண்ணெய்ச் சட்டியை எடுத்து, ஜெயராணி அதில் கோழி வேகவைக்க ஆரம்பித்தாள். டீச்சர் ஜன்னலை அடைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து, வெந்ததா, ஆறவைத்துப் போடுகிறாயா என்று கேட்பார்கள்.

மார்கழி பிறந்து, சந்தெல்லாம் கோலமும் பூசணிப்பூவுமாக ஆனபோது மைதாவின் கழுத்தில் முடி முளைத்தது. ஜெயராணி அதைத் தடவிப் பார்த்தாள். பொருக்கு இல்லை. கையைக் கழுவாமல்தான் தடவினாள்.

தேர்க் கூட்டம் ஊரெல்லாம் நிரம்பியிருந்த நாளில் பவானிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை போனில் படம் அனுப்பினார். நெற்றி அப்படியே பவானியுடையது. ஜெயராணி அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய்ச் செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தாள். டீச்சரிடம் அனுமதி கேட்டு, அடுக்களையில் புதுச் சட்டி வைத்து, மூலிகை எதுவும் போடாமல், பச்சைக் குழந்தைக்கு எப்படிக் காய்ச்ச வேண்டுமோ அப்படி வெதுவெதுப்பாகக் காய்ச்சி வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி வைத்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட அந்த வீட்டில் வேறு யாருக்கும் வராது.

அண்ணிதான் கூப்பிட்டாள். குழந்தை பெற்ற வீட்டுக் களைப்பு குரலில் இருந்தது.

“வர்ற குளிப்பாட்டுறவ ஒருத்தியும் சரியில்ல ஜெயா. தண்ணி ஊத்துனா புள்ள நீலம் பாரிக்குது. அத்தையக் கூப்புடுன்னு பவானி ஒரே அழுகை. ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போயேன்.”

ஒரு மாசம். ஜெயராணி சுவரில் சாய்ந்துகொண்டாள். போக வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. அந்த நெற்றியில் கை வைக்க வேண்டும். அதற்கு எந்த அறையும் வேண்டாம், கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

“என் கைதான் ஆவாதேண்ணி.”

“அதான் எண்ணெய விட்டுட்டியாம், உங்கண்ணன் சொன்னாரு. கையும் சுத்தமாயிருக்கும் இப்ப. பூனையை மட்டும் கொண்டாராத.”

ஜெயராணி அண்ணனிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அண்ணன் வந்தான். எப்ப வர்ற, காரு அனுப்பட்டுமா என்றான்.

“டாக்டரு சொன்னத அண்ணிகிட்ட சொன்னியாண்ணே?”

“அத இப்ப எதுக்கு ஜெயா கிளறிக்கிட்டு? நல்ல நாளும் அதுவுமா.”

“சண்டைக்கி இல்ல. எண்ணெ இல்ல, மீனுன்னு ஒரு வார்த்த சொல்லு. சொல்லிட்டு அண்ணியவே எனக்கு போன் போடச் சொல்லு. அடுத்த பஸ்ல வரேன்.”

“சொல்றேன், சொல்றேன். நீ மொதல்ல வா.”

“நீ மொதல்ல சொல்லு” என்று வைத்துவிட்டாள்.

பையை எடுத்துத் துணி அடுக்கினாள். எண்ணெய்ப் பாட்டிலைச் சாயாமல் புடவை நடுவே சொருகினாள். போனைச் சத்தம் கூட்டி, அடுக்களை மேடையில் எதிரே தெரிகிற மாதிரி வைத்தாள். சமையல் முடிந்தது. டீச்சர் சாப்பிட்டார்கள். சந்துக்குப் போய் மைதாவுக்குக் கோழி வேகவைத்துப் பிய்த்துப் போட்டாள். கொல்லைக் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தாள், சத்தம் கேட்பதற்காக. கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. போனில் ஒன்றும் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. அதற்கு மறுநாள், பண்ருட்டியிலிருந்து நல்ல கைக்காரி ஒருத்தி கிடைத்துவிட்டதாகப் பவானி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். நீ ஏன் வரமாட்டேன்னுட்ட அத்தை, உனக்கு அங்க வேலை ஜாஸ்தின்னு அப்பா சொன்னாரு என்று அதில் அழுதாள். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தமும் பதிவாகியிருந்தது.

ஜெயராணி அதை இன்னொரு முறை கேட்டாள். பிறகு பையைத் திறந்து பாட்டிலை வெளியே எடுத்தாள். கூடத்தில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த டீச்சரின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர்கள் புடவையை முழங்கால்வரை ஒதுக்கி, கையில் எண்ணெய் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். வறண்டு செதில் செதிலாக இருந்த தோல் எண்ணெயைக் குடித்தது.

“யாருக்குக் காய்ச்சினது இது?” என்று கேட்டார்கள் டீச்சர்.

“ஒங்களுக்குத்தாம்மா.”

டீச்சர் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்கள். பிறகு இன்னொரு காலையும் நீட்டினார்கள்.

மைதா மெல்ல வந்து, ஜெயராணியின் முட்டியில் உரசிவிட்டு, மடியில் ஏறப் பார்த்தது. எண்ணெய் படாத புறங்கையால் அதை ஒதுக்கிவிட்டு அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.